கூத்து ஜமாவும் அரசுப் பணமும்: கேள்வி பதில்

கேள்வி (வந்தவாசி): எங்கள் தெருக்கூத்து ஜமாவில் (குழுவில்) பன்னிரண்டு பேர். அரசு உதவி வாங்கச் சங்கமாகப் பதிந்தே ஆக வேண்டுமா?

எந்த உதவி என்பதைப் பாருங்கள். வாத்தியம், ஆடை அணிகலன் வாங்க இயல் இசை நாடக மன்றம் தரும் 10,000 ரூபாய் தனி ஆளுக்கானது. நாட்டுப்புறக் கலைஞர் நலவாரிய அட்டையும் அப்படியே. குருவுக்கும் அவரிடம் கற்கும் சீடர்களுக்கும் மாதப் பணம் தரும் டெல்லிப் பண்பாட்டு அமைச்சகத்தின் குரு-சிஷ்ய உதவி போன்றவற்றுக்குத்தான் பதிவு வேண்டும். 1975 சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும்.

ஜமா வேறு ஆள் கைக்குப் போவது சங்கத்தின் துணைவிதியில்தான். மரியாதைக்கு ஊர்ப் பிரமுகர் ஒருவரைத் தலைவராகப் போட்டால், பிறகு எந்த ஊரில் ஆடுவது என்பதையும் அவர் கையெழுத்துதான் முடிவு செய்யும். ஆடுகிறவர், பாடுகிறவர், வாசிக்கிறவர் மட்டுமே செயற்குழுவில் இருக்கலாம் என்று எழுதிவிடுங்கள். வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து, ஒன்று வாத்தியாருடையது.

கேள்வி (செய்யாறு): அரசுத் துறை எழுதிக் கொடுத்த விழிப்புணர்வு வசனத்தைக் கட்டியங்காரன் (கூத்தின் கோமாளி) பேச வேண்டும் என்கிறார்கள். பேசலாமா?

கூலி வேலையாகச் செய்யலாம், கோயில் திருவிழாவில் பாரதக் கதை ஆடும் இரவுக்குள் நுழைக்காதீர்கள். தனி நாள், தனி நாடகம், வேறு வேஷம். நாட்டாண்மையையும் கோயில் தர்மகர்த்தாவையும் முகத்துக்கு நேரே கிண்டலடிக்கக் கட்டியங்காரனுக்கு ஊர் கொடுத்திருக்கும் உரிமை பெரிது. அதே வாய் திட்டத்தைப் புகழ்ந்தால் அடுத்த படுகளம் (பாரதக் கூத்தின் கடைசி நாள்) வரை அவன் நக்கலை யாரும் நம்ப மாட்டார்கள். பணி ஆணை எழுத்தில் வராமல் வண்டி ஏறாதீர்கள். வண்டி வாடகை கூலிக்குள் அடங்குமா என்பதும் அதில் இருக்கட்டும்.

கேள்வி (காஞ்சிபுரம்): அரசு விழாவில் இருபது நிமிடம்தான் தருகிறார்கள். எதை வெட்டுவது?

கதையைச் சுருக்கவே வேண்டாம், ஒரு துண்டை முழுசாக ஆடுங்கள். கர்ண மோட்சத்தில் திரை விருத்தம் (திரைக்குப் பின்னிருந்து பாடுவது), கர்ணன் வரவு, மனைவி பொன்னுருவியோடு தர்க்கம் போதும். முகவீணை என்ற ஊதுகுழலுக்கு மைக்கைக் கிட்டே வைத்தால் பாட்டு அமுங்கிப் போகும்.

கேள்வி (திண்டிவனம்): அரசுப் பணம் வாங்கினால் அரசைக் கேலி செய்ய முடியாதா?

சட்டம் தடுக்கவில்லை. 1954 நாடக நிகழ்ச்சிச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் செல்லாது என்றுவிட்டது. விடிய விடிய ஆடுகிறவர்களுக்கு நிஜமான தலைவலி இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டு விதி.

அரசின் பிடி, உதவியை வருடா வருடம் புதுப்பிப்பதில் இருக்கிறது. குரு-சிஷ்ய உதவியில் குருவுக்கு மாதம் 15,000, சீடருக்கு வயதைப் பொறுத்து 10,000 வரை என்று வந்து பழகியபின், அடுத்த வருடம் நிற்குமோ என்ற பயத்தில் வாய் தானாகவே அடங்கும். ஆண்டு வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரசுப் பணம் போகவிடாதீர்கள் என்பேன். பங்குனி முதல் ஆடி வரை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும் ஊர்களை அரசு மேடைக்காகத் தள்ளிப் போடாதீர்கள். ஒரு வருடம் விட்டால் அந்த ஊர் வேறு ஜமாவுக்குப் போய்விடும்.

இன்னொன்று, குரு-சிஷ்ய உதவிப் பட்டியலில் பேர் இருப்பவனுக்கு மாதப் பணம், இல்லாத மிருதங்கக்காரருக்கு இரவுப் பங்கு மட்டும் என்றால் ஜமா உடையும். சீடர் பணத்தில் கை வைத்து அதைச் சமன் செய்வது முறைகேடு. பட்டியலில் புதிதாகக் கற்கும் பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பணத்தைப் பழைய பங்கு முறைப்படியே பிரித்துக்கொள்ளுங்கள்.