எழுத்துமூலக் கேள்வி கேட்டு ஒரு மாநில அரசிடம் கணக்குக் கேட்க முடியுமா?

கேள்வி: பிரிட்டனில் லண்டன் அரசிடமிருந்து சில அதிகாரங்களைப் பகிர்ந்து பெற்ற ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து அரசுகளை அங்குள்ள உறுப்பினர்கள் எழுத்துமூலக் கேள்விகளாலேயே பதில் சொல்ல வைக்கிறார்கள் என்கிறார்களே, அது எப்படி? நம் சட்டமன்றத்தில் அது நடக்குமா?

நடக்கும். ஆனால் கேள்வியை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. நான் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துக்காரன். எங்கள் பகுதி சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் சில வருடம் மனு எழுதுவது, கேள்விகளுக்கு வரைவு போடுவது என்று உட்கார்ந்திருந்தவன். அவர் பெயரும் கட்சியும் இங்கே தேவையில்லை. அந்த வேலையில் இருந்தபோதுதான் மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன், அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

முதலில் அங்கே எப்படி என்று சொல்லிவிடுகிறேன். 1998-ல் போட்ட சட்டப்படி 1999-ல் ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் வந்தது, 129 உறுப்பினர்கள். சுகாதாரம், கல்வி, காவல், உள்ளூர்ப் போக்குவரத்து எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரு உறுப்பினர் எழுத்துமூலம் கேள்வி கொடுத்தால் சாதாரணமாக 10 வேலை நாளுக்குள் அமைச்சர் பதில் தர வேண்டும், அவை நீண்ட விடுமுறையில் இருந்தால் 20 நாள். இதை நன்றாகக் கவனியுங்கள்: அவை கூடாத காலத்திலும் கேள்வி போகும், பதிலும் வரும். ஒவ்வொரு கேள்விக்கும் தனி எண் உண்டு. கேட்டவர் யார், எந்தத் தேதி, பதில் சொன்ன அமைச்சர் யார் என்று எல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடக்கும், வீட்டில் உட்கார்ந்தபடி யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கலாம். வட அயர்லாந்திலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். அங்கே 90 உறுப்பினர்கள், சாதாரணக் கேள்விக்கு 10 வேலை நாள், முன்னுரிமைக் கேள்வி என்று கொடுத்தால் 5 வேலை நாள்.

நம் ஊரில் மக்களவையில் நாளொன்றுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி 20, குறியிடாதது 230. முதல் வகைக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். இரண்டாவது வகைக்கு எழுத்தில் மட்டும் பதில். நம் பேரவையிலும் இதே இரண்டு வகைதான். டிவியில் வருவது முதல் வகை என்பதால் எல்லோரும் அதற்கே ஆசைப்படுகிறார்கள். என் அனுபவத்தில் ஊருக்கு உபயோகமானது இரண்டாவது வகை. ஏனென்றால் அவையில் வாயால் சொல்லும் பதிலில் பாதி பாராட்டிலும் பழைய ஆட்சியைத் திட்டுவதிலும் போய்விடும். எழுத்தில் வரும் பதிலை ஒரு உதவிப் பிரிவு அலுவலர் கோப்பைப் பார்த்து எழுத வேண்டும், மேலே நாலு பேர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், தப்பான எண்ணைப் போட்டால் பின்னால் அவை உரிமை மீறல் பிரச்சினை வரும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. அந்தப் பயம்தான் நமக்குத் தேவை.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு, அதைத் தாண்டிய போர்வெல் தண்ணீரையே பல தலைமுறையாகக் குடித்து, பல் மஞ்சளும் பழுப்புமாகக் கறை பிடித்து, வயதானால் முட்டி நிமிராமல் இருப்பவர்களை எங்கள் பக்கம் எந்த ஊரிலும் பார்க்கலாம். அதற்குத்தான் ஜப்பான் கடனுதவியோடு ரூ. 1,928.80 கோடியில் திட்டம் போட்டு, 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013 மே மாதம் தொடங்கி வைத்தார்கள். நல்ல திட்டம், அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் குழாயின் கடைக்கோடியில் இருக்கும் ஊர்களில் தண்ணீர் எப்படி வருகிறது என்பது வேறு கதை.

அந்த ஊர்களிலிருந்து மனு வரும்: "எங்கள் ஊருக்கு ஒகேனக்கல் குடிநீர் கிடைக்க அரசு ஆவன செய்யுமா?" இதை அப்படியே கேள்வியாகக் கொடுத்தால் பதில் என்ன வரும் என்று கேட்பதற்கு முன்பே தெரியும். "மேற்படி குடியிருப்பு திட்டத்தில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டுள்ளது, குடிநீர் வழங்கப்பட்டு வருகிறது." அவ்வளவுதான், கோப்பு மூடியாயிற்று. பதிலில் பொய் என்று எதையும் காட்ட முடியாது. குழாய் இருக்கிறது, மேல்நிலைத் தொட்டி இருக்கிறது, மாதத்தில் சில நாள் தண்ணீரும் ஏறுகிறது.

ஒருமுறை மனுவோடு வந்திருந்த ஒரு அம்மா நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "தம்பி, தண்ணி வருதான்னு கேட்டா வருதுன்னுதான் சொல்லுவாங்க. எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது, எத்தனை குடம் வருதுன்னு கேளு" என்றார். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் கை தேர்ந்த உறுப்பினர்கள் செய்வது இதையேதான். அதற்கப்புறம் நாங்கள் வரைவை இப்படி மாற்றினோம்: (அ) பென்னாகரம் ஒன்றியத்தில் ஒகேனக்கல் திட்டத்தில் சேர்க்கப்பட்ட குடியிருப்புகள் எத்தனை; (ஆ) அவற்றுள் கடந்த ஆறு மாதத்தில் தினமும் தண்ணீர் பெற்றவை எத்தனை, வாரம் ஒருமுறைக்கும் குறைவாகப் பெற்றவை எவை; (இ) தலைக்கு வழங்கத் திட்டமிட்ட அளவு எவ்வளவு, வழங்கிய அளவு எவ்வளவு; (ஈ) திட்டத் தண்ணீர் வராத நாட்களில் அங்கு வழங்கப்படும் நீரில் ஃபுளோரைடு அளவு கடைசியாக எந்தத் தேதியில் சோதிக்கப்பட்டது, முடிவு என்ன.

இதில் "ஆவன செய்யப்படும்" என்று எழுத இடமே கிடையாது. எண் தர வேண்டும், இல்லையென்றால் எண் இல்லை என்று எழுத வேண்டும். எண் இல்லை என்று எழுதினால் அதுவே பெரிய பதில், ஏனென்றால் இவ்வளவு கோடி செலவழித்த திட்டத்தில் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் குறித்து வைக்கவில்லை என்பதை அரசே ஒப்புக்கொண்ட மாதிரி. வட அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இதற்கு ஒரு தயார் பதில் உண்டு: தகவல் ஒரே இடத்தில் தொகுக்கப்படவில்லை, தொகுத்தால் செலவு மிக அதிகமாகும் என்பார்கள். அங்குள்ள உறுப்பினர்கள் அதோடு விடுவதில்லை. காலத்தைக் குறைத்து, இடத்தைக் குறைத்து, ஒரே மருத்துவமனை, ஒரே ஆண்டு என்று மறுபடி கேட்பார்கள். இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள்: வட அயர்லாந்தில் மொத்தம் 9 துறைகள், ஒரே கேள்வியை ஒன்பது அமைச்சருக்கும் தனித்தனியாக அனுப்புவார்கள். ஏழு துறை எண்ணைத் தந்து இரண்டு மட்டும் செலவு அதிகம் என்றால், கோளாறு எங்கே என்று பார்க்கிறவர்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது, யாரிடம் கேட்பது என்ற சிக்கல். அதிகாரம் இரண்டு மட்டத்தில் பிரிந்து கிடக்கும் எந்த நாட்டிலும் நழுவுவதற்குச் சுலபமான வழி இதுதான். லண்டன் நாடாளுமன்றத்தில் ஸ்காட்லாந்து மருத்துவமனை பற்றிக் கேட்டால் அது பகிர்ந்தளிக்கப்பட்ட விஷயம், ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இருக்கும் எடின்பரோவில் கேளுங்கள் என்பார்கள். நம் மக்களவையில் குடிநீர் பற்றிக் கேட்டால் பதிலின் முதல் வரியே "குடிநீர் மாநிலப் பட்டியலில் உள்ளது" என்றுதான் இருக்கும். ஆனாலும் 2019-ல் வந்த ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தில் ஒன்றிய அரசின் பணமும் இருக்கிறது, தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அதன் அளவுகோல். ஆக நம் எம்.பி. அந்த வாசல் வழியாக உள்ளே போய், தருமபுரியில் ஃபுளோரைடு பாதித்த குடியிருப்புகள் எத்தனை, எத்தனைக்கு அந்த 55 லிட்டர் கிடைக்கிறது என்று கேட்கலாம். எம்.எல்.ஏ. சென்னையில் கேட்ட பதிலையும் எம்.பி. டெல்லியில் வாங்கிய பதிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் எண் ஒத்துப்போகாவிட்டால் அடுத்த கேள்வி தானாகக் கிடைத்துவிடும். தொப்பூர் கணவாய் விபத்துகள் என்றால் அது தேசிய நெடுஞ்சாலை, நேரே டெல்லிக்குப் போக வேண்டியது. அதைப் பேரவையில் கேட்டு ஒரு வாய்ப்பை வீணடிக்கக் கூடாது.

சரி, யாருடைய பொறுப்பு என்றே தெளிவாகச் சொல்ல முடியாத விஷயத்துக்கு என்ன செய்வது? ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணைத் தண்ணீர் நுரை பொங்கி ஓடுவதைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கழிவு பெங்களூரு பக்கமிருந்து வருகிறது, பாதிப்பு நம் விவசாயிகளுக்கு. அண்டை மாநிலம் செய்ததற்குத் தமிழ்நாடு அமைச்சர் என்ன பதில் சொல்ல முடியும்? இதற்கு ஸ்காட்லாந்து உறுப்பினர்களிடம் அருமையான ஒரு உத்தி இருக்கிறது. போதைப்பொருள் சட்டம் லண்டன் கையில் இருக்கிறது, அதை மாற்று என்று எடின்பரோவில் கேட்க முடியாது. அதனால் "இது பற்றி ஸ்காட்லாந்து அரசு லண்டன் அரசோடு என்ன பேச்சு நடத்தியது, எப்போது?" என்று கேட்பார்கள். அதிகாரம் இல்லை என்று சொல்லலாம், பேசினாயா என்பதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. நாமும் அப்படியே கேட்கலாம்: கடந்த மூன்று ஆண்டில் இந்த நுரை பற்றிக் கர்நாடக அரசுக்கு அனுப்பிய கடிதங்களின் தேதி என்ன, வந்த பதில் என்ன, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எந்தெந்த மாதம் நீர் மாதிரி எடுத்தது?

கிருஷ்ணகிரி அணையில் 2017 நவம்பரில் ஒரு மதகு உடைந்தபோது எல்லோரும் ஏன் உடைந்தது என்றுதான் கேட்டார்கள். அணை 1950களில் கட்டியது, மொத்தம் எட்டு மதகு. கேட்க வேண்டியது மீதி ஏழைப் பற்றி: ஒவ்வொன்றையும் கடைசியாக யார் சோதித்தார், எந்தத் தேதியில், என்ன பரிந்துரைத்தார், அதன்மேல் என்ன உத்தரவு போனது. உடைந்ததற்குக் காரணம் சொல்ல ஆயிரம் இருக்கும், உடையாததைச் சோதித்த தேதியை மட்டும் கற்பனை செய்ய முடியாது.

ஒரே கேள்வியால் அரசு அசைந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் தீவுகளுக்கு ஓட்ட இரண்டு கப்பல் கட்ட 2015-ல் 9.7 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள், 2018 வாக்கில் ஓட வேண்டியது. முதல் கப்பல் கிளென் சானக்ஸ் பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரியில். நடுவில் எத்தனை வருடம், எவ்வளவு பணம். உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்: இப்போது செலவு எவ்வளவு, புதிய தேதி எது, போன முறை சொன்ன தேதி ஏன் மாறியது? ஒவ்வொரு பதிலும் தேதியோடு பதிவில் இருந்ததால், இந்த ஆண்டு சொன்னதைப் போன ஆண்டு சொன்னதோடு வைத்துக் காட்ட முடிந்தது. கப்பல் அதனால் சீக்கிரம் வந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் மறைத்து வைக்க முடியவில்லை.

வட அயர்லாந்தில் இன்னும் மோசமாக ஒன்று நடந்தது. 2012-ல் புதுப்பிக்கத்தக்க வெப்பத்துக்கு மானியம் தரும் திட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். எரிபொருளுக்கு ஆகும் செலவை விட மானியம் அதிகமாக இருந்ததால் எவ்வளவு எரிக்கிறாயோ அவ்வளவு லாபம் என்றாகிவிட்டது. அந்த விவகாரத்தில் 2017 ஜனவரியில் ஆட்சியே கவிழ்ந்து 2020 ஜனவரி வரை அமைச்சர்கள் இல்லை. துறைகளை அதிகாரிகளே ஓட்டினார்கள். கேள்வி கேட்கும் மன்றமே இயங்காத மூன்று வருடம். இதைப் படித்தபோது எனக்கு நம் ஊராட்சிகள்தான் ஞாபகம் வந்தன. 2016 கடைசியிலிருந்து 2019 டிசம்பரில் தேர்தல் நடக்கும்வரை தருமபுரி, கிருஷ்ணகிரி ஊராட்சிகளும் தனி அலுவலர் கையில்தான் இருந்தன. தெருவிளக்கு எரியவில்லை என்று மன்றத்தில் எழுந்து கேட்க ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவரை மன்றத்தில் நிறுத்திக் கேட்க ஆள் இல்லாதபோது அடிமட்டத்தில் என்ன ஆகும் என்பதை நாங்கள் நேரிலேயே பார்த்தோம்.

நம்மிடம் இல்லாதது இரண்டு. ஒன்று, பேரவை வருடத்தில் சில வாரம்தான் கூடுகிறது, கேள்வி-பதிலும் கூட்டத்தொடரோடு கட்டப்பட்டிருக்கிறது. ஸ்காட்லாந்து போல அவை கூடாத நாளிலும் பதில் வர வேண்டும் என்ற விதி வந்தாலே பாதி குறை தீரும். இரண்டாவது, பதில்களைத் தேடும் வசதி. மக்களவை தளத்தில் உறுப்பினர் பெயர், அமைச்சகம் என்று போட்டுக் கேள்வியை எடுத்துவிடலாம். நம் பேரவையில் இன்ன ஒன்றியத்தின் குடிநீர் பற்றி இதுவரை என்னென்ன பதில் வந்திருக்கிறது என்று எடுக்க, நடவடிக்கைக் குறிப்புகளைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கிறது.

ஆனால் நம்மிடம் இருக்கும் ஒன்றைப் பலர் பயன்படுத்துவதே இல்லை: அரசு உறுதிமொழிக் குழு. அமைச்சர் அவையில் "பரிசீலிக்கப்படும்", "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று சொன்னதை இந்தக் குழு எடுத்து, நடந்ததா என்று துறையிடம் கேட்கும். மக்களவைக் குழுவில் மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது கணக்கு. நம் பேரவைக் குழு மாவட்டங்களுக்கே வந்து ஆய்வு செய்கிறது, ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் நடக்கும், செய்தித்தாளில் உள்பக்கத்தில் சின்னதாக வரும். அந்த நாளில் பழைய பதிலின் நகலோடு போய் நிற்கிற ஊர்க்காரர்களை நான் பார்த்ததே அபூர்வம்.

கடைசியாக, எம்.எல்.ஏ.விடம் கேள்வி கொடுக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி. முதலில் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு, 30 நாளில் வரும் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் எந்த எண் விடுபட்டிருக்கிறதோ அதைத்தான் பேரவைக் கேள்வியாக எழுத வேண்டும், ஒரே பக்கத்தில், ஊர் பெயர், காலம், துறையின் பெயர் மூன்றும் போட்டு. தருமபுரியில் 5 தொகுதி, கிருஷ்ணகிரியில் 6, ஆக 11 உறுப்பினர்கள். ஃபுளோரைடு எல்லோருக்கும் பொதுவான பிரச்சினை என்பதால் உங்கள் தொகுதிக்காரர் கொடுக்காவிட்டால் பக்கத்துத் தொகுதிக்காரரிடம் கொடுங்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. கூட்டத்தொடர் தேதி அறிவித்த பிறகு ஓடினால் நேரம் போதாது. அதற்கு ஒரு மாதம் முன்பே அலுவலகத்தில் போய்க் கொடுத்து, கேள்வி அனுப்பியாகிவிட்டதா, எண் என்ன என்று உதவியாளரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.