ஸதீவா, ஸதீவம், ஸதீவஸ்: மூன்றும் ஒரே சொல்தான்

கேள்வி: விதைப் பாக்கெட்டுகளில் நெல்லுக்கு 'ஒரைசா ஸதீவா', கொத்தமல்லிக்கு 'கொரியாண்ட்ரம் ஸதீவம்', வெள்ளரிக்கு 'குகுமிஸ் ஸதீவஸ்' என்று போட்டிருக்கிறது. 'ஸதீவா' என்றால் அசல் நாட்டு ரகம் என்று சொல்லி வியாபாரி கூடுதல் விலை கேட்கிறார். உண்மையா? எப்படி உச்சரிப்பது?

பதில்: உண்மையில்லை. ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'விதைத்து வளர்ப்பது' என்று மட்டுமே பொருள். நாட்டு ரகமான மாப்பிள்ளைச் சம்பாவும் ஒரைசா ஸதீவாதான், ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய ஐ.ஆர். 20-ம் ஒரைசா ஸதீவாதான்.

நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம் என்கிறோம். நம் 'நல்ல' மாறுவதில்லை. லத்தீனில் முதல் பெயரின் பாலைப் பார்த்து அடைமொழியின் வால் மாறும். குகுமிஸ் ஆண்பால், அதனால் ஸதீவஸ். ஒரைசா பெண்பால், ஸதீவா. கொரியாண்ட்ரம் இரண்டும் அல்லாதது, ஸதீவம். இந்த ஒரு வரியைச் சொல்லித்தராமல் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். வியாபாரி கதை விட அதுவே வசதியாகிவிடுகிறது.

ஓசை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தால் புளியமரத்தில் தடுக்கி விழுவீர்கள். அது 'டாமரிண்டஸ் இண்டிகா'. 'இண்டிகஸ்' அல்லவா வரவேண்டும் என்று திருத்திவிடுபவர்கள் உண்டு, திருத்தியதுதான் பிழை. லத்தீன் பேசிய ரோமானியர்களுக்கு மரம் பொதுவாகப் பெண்பால், பெயர் 'அஸ்' என்று முடிந்தாலும் சரி. செடிகளுக்கு இந்த இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1753-இல் 'இண்டிகா' என்றே எழுதினார். அரசமரமும் அப்படித்தான்: 'ஃபைகஸ் ரெலிஜியோஸா'.

உச்சரிப்பில் 'தீ' நெடில். அழுத்தம் அங்கேதான், ஸ-தீ-வா. 'இண்டிகா'வில் நடு எழுத்து குறில், ஆகவே அழுத்தம் முன்னால் 'இண்' மீது போகும். ஆங்கில வழக்கில் 'சடைவா' என்பார்கள். அதற்காகச் செடி மாறிவிடாது.

லத்தீன் பெயரைக் கொட்டை எழுத்திலும், விவசாயிக்குத் தேவையான விவரத்தை எறும்பு எழுத்திலும் அச்சடிப்பதை யாரும் கேட்பதில்லை. பாக்கெட்டைத் திருப்பி முளைப்புத்திறன், புறத்தூய்மை (குப்பை, பிற விதை கலக்காத சுத்த விதையின் அளவு), பரிசோதனை செய்த நாள், காலாவதி நாள் நான்கையும் படியுங்கள். அரசு விதைச்சான்று பெற்ற நெல் விதையென்றால் நீல அட்டை இருக்கவேண்டும். முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம், புறத்தூய்மை 98. அட்டை இல்லாமல் 'ஸதீவா' என்று மட்டும் காட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.