தேய்த்தால் எழும் காடு: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: கனவுலகை வரைந்த சர்ரியலிஸ்ட் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட்டின் காட்டு ஓவியங்களில் மர ரேகை அச்சு அசலாகத் தெரிகிறதே! தூரிகையால் இது எப்படிச் சாத்தியம்?

பதில்: அந்த ரேகைகள் தூரிகையில் பிறந்தவை அல்ல. 1925-இல் பிரான்சின் கடலோர ஊரான போர்னிக்கில், தேய்ந்த தரைப்பலகைமேல் தாளை விரித்துப் பென்சிலால் தேய்த்தார். இது ஃபுரோட்டாஜ். இந்த முறையில் உருவான 34 படங்கள் மறு ஆண்டே தொகுப்பாக வந்தன. காடுகளுக்குக் கைகொடுத்தது அடுத்த படியான கிராட்டாஜ். கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசி, அடியில் பலகையோ கயிறோ கம்பி வலையோ வைத்துச் சுரண்டுவார். மேடான இடங்களில் மேல்வண்ணம் கழன்று உள்நிறம் வெளிப்படும்.

கேள்வி: நான் தேய்த்தால் வெறும் கறுப்புத் திட்டுதான் வருகிறது. ஏன்?

பதில்: அழுத்தம் அதிகம். பள்ளத்திலும் கரி இறங்கினால் ரேகை மறைந்துவிடும். தடித்த ஓவியத்தாள் வேண்டாம், மெல்லிய தாள் போதும். 4பி அல்லது 6பி போன்ற மென்மையான பென்சிலைப் படுக்கவைத்து, ஒரே திசையில் லேசாகத் தேயுங்கள். நான்கு மூலைகளையும் டேப்பால் ஒட்டிவிடுங்கள், தாள் நகர்ந்தால் ரேகை இரட்டிக்கும்.

தேய்ப்பதோடு நிறுத்தினால் அது வெறும் நகல். எர்ன்ஸ்ட் ரேகையில் ஒரு பறவையையோ இலையையோ கண்டபிறகு, வேண்டாததை விலக்கி, வேறு பரப்பின் தேய்ப்பையும் சேர்த்தார். உண்மையான வேலை அங்கேதான்.