குறைக்கடத்தும் பாலிமர் படலத்தில் நானோ இழைகளின் வளர்ச்சியை எப்படிக் கட்டுப்படுத்துவது?

பி3எச்டி எனப்படும் பாலி-3-ஹெக்சைல்தையோபீன் என்ற குறைக்கடத்தும் பாலிமரை குளோரோபார்மில் கரைத்து, சுழலும் தட்டில் பரப்பும் சுழற்பூச்சு முறையில் படலமாக்கி, 150 டிகிரி செல்சியஸில் சூடேற்றிய பிறகும் அணுவிசை நுண்ணோக்கியில் இழைகள் எவையும் தென்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் அதிக நேரம் சூடேற்ற வேண்டுமா என்றும் கேட்கிறீர்கள். வேண்டியதில்லை என்பதே என் பதில். ஆய்வு மாணவனாக இதே பாலிமரோடு மூன்றாண்டுகள் போராடியதில் நான் தெரிந்துகொண்டது, இழையின் வளர்ச்சி பெரும்பாலும் படலம் உலர்வதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பதுதான்.

தையோபீன் வளையங்களாலான தட்டையான சங்கிலிகள், தட்டுகளை அடுக்குவது போல, ஏறத்தாழ 0.38 நானோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. அந்த அடுக்கு நீளும் திசையே இழையின் நீளத் திசை. சங்கிலிகள் இழைக்குக் குறுக்காகக் கிடப்பதாலும், நீண்ட சங்கிலிகள் மடிந்துகொள்வதாலும், இழையின் அகலம் சுமார் 15 நானோமீட்டர் அளவிலேயே நின்றுவிட, நீளம் மட்டும் மைக்ரோமீட்டர் கணக்கில் வளர முடிகிறது. இந்த அடுக்குதலுக்கு நேரம் வேண்டும். குளோரோபார்மின் கொதிநிலை 61 டிகிரி. சுழலும் தட்டின்மேல் அது சில நொடிகளில் ஆவியாகிவிடுவதால், சங்கிலிகள் சிக்கிய நூலைப் போல அப்படியே உறைந்துபோகின்றன. பிறகு சூடேற்றினால் ஏற்கெனவே உள்ள சிறு படிகங்கள் ஓரளவு தடிக்கும். ஆனால் திண்மமாகிவிட்ட படலத்தில் அந்தச் சிக்கல் முழுவதும் அவிழ்வதில்லை.

எனவே உலரும் நேரத்தை நீட்ட வேண்டும், அல்லது இழைகளைக் கரைசலிலேயே வளர்த்துவிட்டு அதன்பின் பூச வேண்டும். முதல் வழிக்கு 180 டிகிரி கொதிநிலையுள்ள டைகுளோரோபென்சீனோ, 214 டிகிரியுள்ள டிரைகுளோரோபென்சீனோ போதும். பூசிய ஈரப் படலத்தை மூடிய கண்ணாடித் தட்டுக்குள் மெல்ல உலரவிடலாம். கலிபோர்னியாவில் யாங் யாங் குழுவினர் 2005இல் பி3எச்டியும் ஃபுல்லரீன் என்ற பந்து வடிவக் கார்பன் மூலக்கூறும் கலந்த படலத்தை இவ்வாறு மெதுவாக உலர்த்தியே 4.4 விழுக்காடு திறனுள்ள சூரிய மின்கலத்தைச் செய்தார்கள்.

இரண்டாம் வழியை நான் தற்செயலாகத்தான் கண்டேன். பாரா-சைலீனில் சூடாக்கிக் கரைத்த ஆரஞ்சு நிறக் கரைசல் ஒன்றை வெள்ளிக்கிழமை மாலை மேசையிலேயே விட்டுச் சென்றேன். திங்கட்கிழமை அது கருஞ்சிவப்புக் கூழாகக் கிடந்தது. கெட்டுப்போயிற்று என்று கழிவுப் புட்டியில் ஊற்றிவிட்டேன். அது முழுக்க நானோ இழைகள் என்பதும், 1993லேயே இப்படி வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள் என்பதும் பல வாரங்கள் கழித்துப் படித்தபோதுதான் தெரிந்தது. அந்தப் புட்டியை நினைத்தால் இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

சூடாகக் கரைக்கும், குளிர்ந்தால் கரைக்காத கரைப்பானே இங்குக் கருவி. சர்க்கரைப் பாகை விரைந்து ஆறவிட்டால் பொடியாகப் பூத்துவிடும், பொறுமையாக ஆறவிட்டால் கற்கண்டாகும் அல்லவா, அதே கதைதான்: விரைந்து குளிரும் கரைசலில் இழை வளரத் தொடங்கும் புள்ளிகளான கருக்கள் எண்ணற்றவை ஒரே நேரத்தில் தோன்றிக் குட்டை இழைகள் நிறைகின்றன, மெதுவாகக் குளிரும் கரைசலில் கருக்கள் சிலவே தோன்றுவதால், மிச்சமுள்ள சங்கிலிகள் அவற்றிலேயே சேர்ந்து நீண்ட இழைகளாகின்றன. வடிகட்டுவதைச் சூடாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். குளிர்ந்த பின் வடிகட்டினால் இழைகள் வடிதாளிலேயே தங்கிவிடும்.

இழைகள் கிடைத்துவிட்டால் மின்னோட்டம் தானாகக் கூடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். ஸ்டான்ஃபோர்டில் 2003இல் வெளிவந்த ஆய்வில், 3,200 மூலக்கூறு எடையுள்ள பி3எச்டி அழகான கோல் வடிவப் படிகங்களைத் தந்தும், மின்னூட்டம் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதைக் காட்டும் நகர்திறன் 0.0000017 செ.மீ²/வோல்ட்-நொடி என்ற அளவிலேயே இருந்தது. 36,500 எடையுள்ள பாலிமரின் படலம் பார்வைக்கு ஒழுங்கு குறைந்ததாகத் தெரிந்தும் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கூடுதலாக, ஏறத்தாழ 0.0094 செ.மீ²/வோல்ட்-நொடி தந்தது. நீண்ட சங்கிலிகள் ஒரு படிகத்திலிருந்து அடுத்ததற்குப் பாலமாகின்றன என்பது இதற்கான பரவலான விளக்கம். அடுக்கின் திசையும் முக்கியம்: சிரிங்ஹவுஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1999இல் காட்டியபடி, சங்கிலித் தளங்கள் அடித்தட்டுக்குச் செங்குத்தாக நிற்கும் படலத்துக்கும் தட்டையாகப் படுத்திருக்கும் படலத்துக்கும் டிரான்சிஸ்டரில் நகர்திறன் நூறு மடங்குக்கு மேல் வேறுபட்டது. சூரிய மின்கலத்துக்கோ, மின்னோட்டம் மேலிருந்து கீழே செல்ல வேண்டியிருப்பதால், படுத்திருப்பதே வசதி. அங்கு ஒளி பட்டு உண்டாகும் எக்சிட்டான்கள் என்ற ஆற்றல் பொதிகள் 10 நானோமீட்டர் அளவே பயணிப்பதால் இழை தடித்தாலும் இழப்புதான்.

நுண்ணோக்கிக்கு வரிசையில் நிற்பதற்கு முன் ஒளி உட்கவர்தலை அளந்துவிடுங்கள். தனிச் சங்கிலிகளாகக் கரைந்திருக்கும்போது 450 நானோமீட்டர் அருகே இருக்கும் முகடு, அடுக்குதல் தொடங்கியதும் தேய, 555, 605 அருகே புதிய முகடுகள் எழும். 605இல் உள்ளது ஓங்க ஓங்க ஒழுங்கு கூடியிருக்கிறது என்று கொள்ளலாம். உங்கள் புட்டியின் மூலக்கூறு எடையையும், வளையங்களிலிருந்து கிளைக்கும் ஹெக்சைல் பக்கச் சங்கிலிகள் ஒரே சீராக இணைந்துள்ள விழுக்காட்டையும் குறிப்பிட்டு எழுதினால், குளிரவிடும் வேகத்தைப் பற்றி இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும். அந்த விழுக்காடு குறைவாக இருந்தால் மேலே சொன்ன எந்த வழியும் பெரிதாக உதவாது.