சேர விட்டால் சேரமாட்டார்களா?

கேள்வி: அமெரிக்காவில் பத்துக்கு ஏழு பேர் தொழிற்சங்கம் நல்லது என்கிறார்கள். ஆனால் சங்கத்தில் சேருவது பத்துக்கு ஒருவர்தான். வெறும் வாய்ச்சொல் வீரர்களா?

பதில்: வீரத்தை விடுங்கள். 'சேருவது' என்று எழுதினீர்களே, சிக்கல் அங்கே இருக்கிறது. நம்மூரில் சந்தா கட்டினால் உறுப்பினர். அங்கே பெரும்பாலான தனியார் நிறுவனங்களில் சேர்வதற்குச் சங்கமே இல்லை. வழக்கமாக முதலில், சங்கம் வேண்டுமா என்று ஊழியர்கள் வாக்களிக்கும் தேர்தலில் ஜெயிக்க வேண்டும்.

ஊழியர்களில் 30 சதவீதம் பேர் சங்கம் வேண்டும் என்று அட்டையில் கையெழுத்திட்டால், அரசு அமைப்பான தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்திடம் தேர்தல் கேட்கலாம். விவரம் தெரிந்தவர்கள் 60, 70 சதவீதம் சேரும்வரை மனுப் போடமாட்டார்கள். மனு போனதும் நிர்வாகம் சங்கத்தைத் தடுக்க ஆலோசகர்களை அமர்த்தி ஊழியர்களைக் கூப்பிட்டுப் பேசும். கையெழுத்துப் போட்டவர்களே பின்வாங்குவார்கள். சங்கம் கட்ட முனைந்தவரை வேலையைவிட்டு நீக்குவது சட்டவிரோதம். ஆனால் 1935-ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டத்தில் அதற்கு அபராதம் கிடையாது. வேலையைத் திருப்பித் தந்து, இழந்த சம்பளத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் போதும். அதிலும் இடையில் அவர் வேறிடத்தில் சம்பாதித்ததைக் கழித்துக்கொள்ளலாம். தீர்ப்பு வரும்போது தேர்தல் எப்போதோ முடிந்திருக்கும்.

ஜெயித்தாலும் சம்பள ஒப்பந்தம் உடனே கைக்கு வராது. பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டும் என்கிறது சட்டம். உடன்பட்டே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. பஃபலோ நகர ஸ்டார்பக்ஸ் காபிக் கடையில் 2021 டிசம்பரில் சங்கம் வென்றது. 2024 முடிந்தும் ஒப்பந்தம் இல்லை. விவசாயக் கூலிகளுக்கும் வீட்டுவேலை செய்பவர்களுக்கும் இந்தத் தேர்தல்கூட இல்லை. 1935-லேயே அவர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். இது பெரிய அநியாயம்.

கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் சங்க ஆதரவு 2009-ல் 48 சதவீதம், 2024-ல் 70. உறுப்பினர்களோ 1983-ல் 20.1 சதவீதம், 2024-ல் 9.9. தனியாரை மட்டும் எடுத்தால் 6-க்கும் கீழே. அரசு ஊழியர்களில் 32! இருவரும் அதே அமெரிக்கர்கள்தான். அரசு பொதுவாக ஆலோசகர் வைத்து மிரட்டுவதில்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன்: 26 மாநிலங்களில் உள்ள 'ரைட் டு வொர்க்' சட்டத்தை 'வேலை செய்யும் உரிமைச் சட்டம்' என்று மொழிபெயர்க்காதீர்கள். அது யாருக்கும் வேலை தருவதில்லை. சங்கம் பேசி வாங்கிய சம்பள உயர்வு எல்லோருக்கும் உண்டு. சந்தா கட்டாதவரின் புகாரையும் சங்கம்தான் எடுத்து வாதாட வேண்டும். அவரிடம் ஒரு டாலர்கூடக் கட்டாயமாகக் கேட்கக்கூடாது. இதுதான் அந்தச் சட்டம். 'சந்தா விலக்குச் சட்டம்' என்று எழுதுங்கள்.