கோட்டையைக் கடலிலிருந்து பாருங்கள்

சென்ற இதழில், நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பழைய பாய்மரப் படகில் பினாங்கிலிருந்து போர்ட்டிக்சன் வரை போய்வந்ததைப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்குத்தான் இத்தனை கடிதங்கள். நான்குக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என் கணவர் ஓய்வுபெற்றவர். நண்பரின் படகை வாங்கி, என்னையும் ஏற்றிக்கொண்டு, பழைய கடற்கரை ஊர்களில் இறங்கி இறங்கி மலாக்கா வரை போகவேண்டும் என்கிறார். ஒன்பது நாள் அட்டவணையும் தயார். எனக்கு நீச்சல் தெரியாது. போகலாமா அம்மா?
வாசகி, பிறை

போகலாம். அந்த அட்டவணையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

எங்களிடமும் ஓர் அட்டவணை இருந்தது. என் வீட்டுக்காரர் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதியவர். அடிக்கோல் வைத்துக் கோடு போட்டிருந்தார். பினாங்கிலிருந்து பங்கோர் தீவுக்கு ஏறத்தாழ 70 கடல் மைல். எங்கள் படகு மணிக்கு 5 கடல் மைல் போகும். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் இரவு எட்டுக்குச் சாப்பாடு பங்கோரில். நீரோட்டத்தை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. மலாக்கா நீரிணையில் கடல் ஏறும்போதும் வற்றும்போதும் நீரோட்டம் திசை மாறும். எதிர்த்து ஓடினால் ஐந்து மைல் மூன்றாகிவிடும். காற்றும் கைவிட்டது. பங்கோர் அருகே போனபோது இரவு பதினொன்று. வலைகளின் மிதவைகள் இருட்டில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்க, நான் முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு டார்ச் அடித்தேன். அன்றிரவு சாப்பாடு, ரொட்டியும் நெத்திலிச் சம்பாலும்.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையை அடித்து நொறுக்கும். நம் பக்கம் மலைகளின் மறைவில் அமைதியாக இருக்கும். ஏப்ரலுக்குப் பிறகு 'சுமத்ரா' வரத் தொடங்கிவிடும். மேற்கே கரிய மேகம் சுவர்போல் எழுந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன், காற்றும் மழையுமாகக் கொட்டிவிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். நீச்சல் எனக்கும் தெரியாது. படகில் கால் வைத்ததிலிருந்து இறங்கும்வரை லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. புழுக்கத்தில் வேர்க்குரு வந்ததுதான் மிச்சம். படகு வானொலியில் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையை எப்போதும் திறந்துவைக்க உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள்.

ஊர்களைப் பற்றிக் கேட்டீர்கள். பங்கோரின் டச்சுக் கோட்டைக்கு நான் அதற்கு முன் மூன்று முறை போயிருக்கிறேன். மாசிமகத்துக்குப் பத்ரகாளியம்மன் கோவிலுக்குப் போகும்போதெல்லாம், இளஞ்சிவப்பு வேன் வண்டியில் ஒரு சுற்று. கூரையில்லாத செங்கல் சுவர், ஒரு படம், முடிந்தது. இந்த முறை விடிந்ததும் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு தீவின் கிழக்குப் பக்கமாக மெல்லப் போனோம். ஒரு கையில் தீவு, மறு கையில் பேராக் கரை, நடுவில் ஒடுங்கிய கடல். 1670இல் டச்சுக்காரர் இதைக் கட்டியது பேராக் ஈயத்தைச் சேர்த்துவைக்க. இந்த வாயிலில் உட்கார்ந்துகொண்டால் போகிற வருகிற படகையெல்லாம் எண்ணலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வேனிலிருந்து பார்த்தால் அது வெறும் இடிந்த சுவர். 1690இல் உள்ளூர் மக்கள் அதைத் தாக்கி அழித்ததும் ஏனென்று விளங்கியது. வீட்டு வாசலில் எவனோ வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்! பேராக் தலைவர்கள் ஆங்கிலேயரோடு செய்துகொண்ட 1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைகூடத் தரையில் கையெழுத்தாகவில்லை. கரையருகே நின்ற புளூட்டோ என்ற கப்பலில்தான்.

கோலசிலாங்கூரில் நாங்கள் இறங்கவில்லை. கரை முழுவதும் சேறும் அலையாத்திக் காடும். நீர் வற்றினால் படகு உட்கார்ந்துவிடும். ஆனால் தட்டையான அந்தக் கரையில் மலாவாத்தி குன்று தனியாகத் தெரிந்தது. அதன்மேல் 1907இல் எழுப்பிய கலங்கரை விளக்கம். 1784இல் டச்சுக்காரர் அந்தக் குன்றுக்காக ஏன் சண்டை போட்டார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு காரில் போய் அந்தக் குன்றின் குரங்குகளைப் பார்த்துக்கொண்டோம்.

மலாக்காவுக்கு மட்டும் படகைப் போர்ட்டிக்சனில் கட்டிவிட்டுப் பஸ்ஸில் போனோம். நஷ்டமில்லை. அங்குள்ள கோட்டை, போர்த்துகீசியர் 1511இல் ஊரைப் பிடித்து, கடலோரத்தில் எழுப்பியது. 1807இல் ஆங்கிலேயர் இடித்ததுபோக மிஞ்சியது ஒரு வாயில்தான். கடலை மண் போட்டுத் தூர்த்துத் தள்ளிவிட்டதால் அந்த வாயில் இப்போது எதைக் காக்கிறது என்றே தெரியாது. செயின்ட் பால் குன்றில் ஏறி நின்று, நடுவிலுள்ள கட்டடங்களை மனத்தில் அழித்துவிட்டுப் பாருங்கள். கீழே இறங்கி, 1781ஆம் ஆண்டுப் பொய்யாத விநாயகரையும் கும்பிட்டுவிட்டு வாருங்கள். பழைய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகளின் கோவில் அது.

கடாரத்துக்குப் படகிலேயே போக முடியுமா? ராஜேந்திர சோழன் போன வழியில் போக ஆசை.
வாசகர், சுங்கைப் பட்டாணி

பழைய கடாரம் என்கிற பூஜாங் பள்ளத்தாக்கு உங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி தூரம் ஐயா! ஆனால் ஆசை புரிகிறது. கடலில் பினாங்குக்கு வடக்கே போனால், கரை தெரிவதற்கு முன்பே ஜெராய் மலை தெரியும். 1,217 மீட்டர், சமவெளியில் தனியாக நிற்கிறது. வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிக்கு அதைவிடப் பெரிய கைகாட்டி வேண்டியதில்லை. 1025இல் சோழர் படை வந்தபோதும் அதே மலைதான் நின்றது. பள்ளத்தாக்குக்குப் போகும் மெர்போக் ஆற்றின் வாயில் ஆழம் தெரியாமல் நுழைய எங்களுக்குத் துணிவில்லை. மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். புக்கிட் பத்து பகாட் சண்டியும் (சண்டி என்றால் பழங்காலக் கோவில்) அருங்காட்சியகமும் தரைவழியில் பார்க்க வேண்டியவை. 2013இல் அந்தப் பள்ளத்தாக்கின் ஒரு சண்டி வீடமைப்புக்காக இடிக்கப்பட்டதே, நினைவிருக்கிறதா? எனக்கு ஆறவில்லை.

படகில் இருவர் மட்டும். சண்டை வராதா?
வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

வரும். நங்கூரம் போடும் நேரத்தில் வரும். அவர் முன்னால் சங்கிலியோடு, நான் பின்னால் இயந்திரத்தோடு. இடையில் அதன் இரைச்சல். அவர் "நிறுத்து" என்று கத்த, எனக்கு "திருப்பு" என்று கேட்க, பக்கத்துப் படகுக்காரர்கள் சாயத் தேநீரை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அன்று மாலை வரை பேச்சில்லை. மறுநாளிலிருந்து வாயை மூடிவிட்டுக் கையால் மட்டும் பேசினோம்: கைவிரல்களை மடக்கி முஷ்டி பிடித்தால் நிறுத்து, கை நீட்டிய பக்கம் திருப்பு, விரல் கீழே காட்டினால் பின்னோக்கு. வீட்டிலும் இப்போது அதுதான் நடக்கிறது.

இன்னொன்று, தோசைமாவு கொண்டுபோகாதீர்கள். படகுக்குள் இருக்கும் சூட்டில் அது புளித்துப் பொங்கி, படகு சாய்ந்ததும் தரையெல்லாம் ஓடியது. அந்த வாடை போர்ட்டிக்சன் வரை கூடவே வந்தது. புளிக்குழம்பு தாங்கும், கருவாடு தாங்கும்.

படகு வாங்க வசதியில்லை. எங்களுக்கு வழி?
வாசகர், பட்டர்வொர்த்

உங்கள் வாசலிலேயே பெர்ரி இருக்கிறது. என் அம்மா நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர். பினாங்கை அவர் முதலில் பார்த்தது நீரிலிருந்துதான். கார்ன்வாலிஸ் கோட்டையின் மூலையில் நிற்கும் அந்த இரும்புக் கலங்கரை விளக்கத்தைக் கடைசிவரை "கம்பிக்கூண்டு" என்றே சொல்வார். பெர்ரியில் மேல்தளத்தில் நின்று அதைத் தேடுங்கள்; 1882இல் நட்டது.

இன்னும் வேண்டுமென்றால் கோலக்கெடா போய் லங்காவிப் பெர்ரி ஏறுங்கள். 1771க்கும் 1780க்கும் இடையில் கட்டி, 1821இல் சயாமியரிடம் விழுந்த கெடாக் கோட்டை ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கிறது. ஏறியவுடன் வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெர்ரி வேகமெடுத்துவிட்டால் கோட்டை பின்னால் போய்விடும்.