கையில் கட்டிய கருவி எதை அளக்கிறது? – கேள்வி பதில்

மக்கள் எவ்வளவு நடமாடுகிறார்கள், எப்படித் தூங்குகிறார்கள் என்பதைக் கருவி கட்டி அளக்கும் ஆய்வுகளில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கருவி திரும்பி வந்த பிறகு அதிலிருக்கும் எண்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. இதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் மாணவர்கள், செவிலியர்கள், வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கோவையில் பொது சுகாதாரம் முதுநிலை படிக்கிறேன் மேடம். தீசிஸுக்காக 60 பேரின் நடமாட்டத்தை ஒரு வாரம் அளக்க வேண்டும். கடையில் விற்கும் ஸ்மார்ட் பேண்ட் போதுமா?

பேண்ட் உங்களுக்குத் தருவது முடிவை மட்டும்தான். இன்று 6,240 அடிகள், 7 மணி நேரத் தூக்கம் என்று சொல்லும். எப்படி அந்த எண்ணுக்கு வந்தது என்று சொல்லாது. அந்தக் கணக்கு கம்பெனியின் ரகசியம். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே மென்பொருளைப் புதுப்பித்துவிட்டால், முதல் 30 பேரை ஒரு கணக்கிலும் அடுத்த 30 பேரை வேறு கணக்கிலும் அளந்தது போலாகிவிடும்.

ஆய்வுக் கருவி மூலத் தரவை, அதாவது கணக்குப் போடுவதற்கு முந்தைய அளவுகளை, அப்படியே தரும். பிரிட்டனின் யூகே பயோபேங்க் என்ற பெரிய மக்கள் உடல்நல ஆய்வைப் பாருங்கள். 2013 முதல் 2015 வரை சுமார் 2,36,000 பேரை அழைத்து, அவர்களில் சுமார் 1,03,000 பேரிடமிருந்து ஒரு வாரத் தரவைப் பெற்றார்கள். கட்டியது ஆக்சிவிட்டி ஏஎக்ஸ்3 என்ற சின்னக் கருவி. அதில் திரை கிடையாது. தபாலில் போய்த் தபாலிலேயே திரும்பி வந்தது. நொடிக்கு 100 முறை மூன்று திசைகளிலும் முடுக்கத்தைப் பதிவு செய்யும். ஒருவருக்கு ஏழு நாளைக்கு, ஒரு திசைக்கு மட்டும் 6 கோடிக்கு மேற்பட்ட எண்கள்! அந்த எண்கள் கையில் இருந்தால், பத்து வருடம் கழித்து நல்ல கணக்குமுறை வரும்போது அதே தரவைத் திரும்ப அலசலாம். பயோபேங்க் தரவில் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

திரை இல்லாததிலும் ஒரு நன்மை உண்டு. அடிக்கணக்கு கண்ணில் பட்டால் யாரும் கொஞ்சம் கூடுதலாகத்தான் நடப்பார்கள். நீங்கள் அளக்க வந்தது அவர்களுடைய வழக்கமான வாரத்தை.

வாங்கப் பணம் இல்லையென்றால் துறையில் இருக்கும் 10 கருவிகளைச் சுழற்சியில் கட்டுங்கள். 60 பேருக்கு ஆறு சுற்று. மூன்று மாதத்துக்குள் முடித்துவிடலாம்.

எதற்கு இவ்வளவு செலவு? வாரத்தில் எத்தனை நாள் நடக்கிறீர்கள் என்று கேட்டாலே போதாதா?

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் கேட்டதும் அளந்ததும் எவ்வளவு விலகும் என்று அமெரிக்காவின் நேன்ஸ் (NHANES) என்ற தேசிய உடல்நல ஆய்வு காட்டிவிட்டது. 2003-04இல் இடுப்பில் கருவி கட்டி அளந்தபோது, பரிந்துரைத்தபடி நாளுக்கு 30 நிமிட மிதமான உடலுழைப்பை எட்டியவர்கள் வயது வந்தவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவு. வாய்வார்த்தையாகக் கேட்ட கணக்கெடுப்புகளிலோ ஏறக்குறைய பாதிப் பேர் எட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் பொய் சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அரை மணி நேரம் நடந்ததாக நினைவிருக்கும், நடுவில் பத்து நிமிடம் நின்று பேசியது மறந்துபோயிருக்கும். அதோடு, பத்து நிமிடமாவது விடாமல் தொடர்ந்த உழைப்பை மட்டுமே அன்றைய கணக்கில் சேர்த்தார்கள்.

நம் நாட்டில் ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) என்ற நீரிழிவு ஆய்வு 2014இல் சொன்ன எண், வயது வந்தவர்களில் 54.4 சதவீதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்பது. தமிழ்நாடும் அதில் உண்டு. அது உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாளைக் கொண்டு எடுத்த கணக்கு. கருவி கட்டிய ஆய்வின் எண்ணோடு அதை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடாதீர்கள். அதே சமயம், நடந்தது வேலைக்காகவா, கோயிலுக்கா, தண்ணீர் எடுக்கவா என்று கேள்வித்தாள்தான் சொல்லும். கருவிக்கு அது தெரியாது.

அப்பாவுக்கு 71 வயது. ராத்திரி முழுக்கக் கண்ணை மூடவில்லை என்கிறார். வாட்ச் 7 மணி நேரம் தூங்கினார் என்று காட்டுகிறது. அதைக் காட்டி "நல்லாத்தான் தூங்கியிருக்கீங்க" என்று சொன்னால் கோபப்படுகிறார். யார் சொல்வது சரி?

உங்கள் அப்பா கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது அம்மா.

மணிக்கட்டில் இருப்பது அசைவு மானி. கை அசையாமல் இருந்தால் தூக்கம் என்று எடுத்துக்கொள்ளும். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் படுத்திருப்பவரும் தூங்குபவரும் அதற்கு ஒன்றுதான். புது வாட்ச்கள் நாடித்துடிப்பையும் சேர்த்துப் பார்க்கின்றன, அதனால் கொஞ்சம் தேவலாம். ஆனாலும் இந்தக் குறை முழுவதும் போகவில்லை.

தூக்கத்தை அளக்கும் உரைகல் பாலிசோம்னோகிராஃபி. தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலை, கண் அசைவு, தசை இறுக்கம் எல்லாவற்றையும் இரவு முழுக்கப் பதிவு செய்வார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வு அதையும் மணிக்கட்டுக் கருவியையும் ஒரே இரவில் ஒப்பிட்டது. உண்மையில் தூங்கிய நேரத்தில் 96.5 சதவீதத்தைக் கருவி தூக்கம் என்று சரியாகச் சொன்னது. உண்மையில் விழித்திருந்த நேரத்திலோ 33 சதவீதத்தைத்தான் விழிப்பு என்று கண்டுபிடித்தது.

இதை உங்கள் வீட்டுக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். அப்பா 8 மணி நேரம் படுக்கையில் இருக்கிறார், அதில் 6 மணி நேரம் தூங்குகிறார், 2 மணி நேரம் விழித்துக் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூங்கிய 360 நிமிடத்தில் 347ஐக் கருவி தூக்கமாக எழுதும். விழித்திருந்த 120 நிமிடத்தில் 80ஐயும் தூக்கமாகவே எழுதிவிடும். மொத்தம் 427 நிமிடம், அதாவது 7 மணி நேரத்துக்கு மேல்! அவர் பட்ட 2 மணி நேர அவதியில் 40 நிமிடம்தான் அந்தத் திரையில் தெரிகிறது.

தூக்கமின்மை இருப்பவர்களிடம்தான் இந்தப் பிழை அதிகம், ஏனென்றால் அவர்கள்தான் அசையாமல் விழித்துக் கிடப்பார்கள். நன்றாகத் தூங்கும் இளைஞரிடம் இது பெரிதாகத் தெரியாது. மறுபக்கமும் உண்டு. விட்டுவிட்டுத் தூங்குபவர்களுக்கு, இடையில் தூங்கிய நேரம் நினைவில் நிற்பதில்லை. அதனால் அவர் முழு இரவும் விழித்திருந்திருக்க மாட்டார். ஆனால் திரையைக் காட்டி அவரிடம் வாதாட வேண்டாம்.

அப்படியென்றால் ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று பிரித்துக் காட்டுவது?

ஊகம். அந்த நிலைகளை வரையறுப்பதே மூளை அலைகளை வைத்துத்தான். மணிக்கட்டில் மூளை அலை கிடையாது. தனி மனிதரின் ஒரு இரவைப் பற்றி அந்த வண்ணப் பட்டையை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அரசு மருத்துவமனைச் செவிலியர் நான். எங்கள் நைட் ஷிஃப்ட் தூக்கத்தை ஆய்வு செய்ய ஆசை. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நல்ல ஆய்வு, கட்டாயம் செய்யுங்கள். முதல் விஷயம், நாளை எங்கே வெட்டுவது. பெரும்பாலான கணக்குமுறைகள் ஒரு நண்பகலிலிருந்து மறு நண்பகல் வரை ஒரு "இரவு" என்று எடுத்து, அதற்குள் ஒரே ஒரு நீண்ட தூக்கத்தைத் தேடும். டியூட்டி முடிந்து காலை 9 மணிக்குப் படுத்து மதியம் 2 மணிக்கு எழுந்தால், உங்கள் தூக்கம் நடுவில் இரண்டாக அறுபட்டுவிடும். ஒவ்வொருவரின் ஷிஃப்டைப் பார்த்து வெட்டும் நேரத்தை மாற்ற வேண்டும். வீட்டு வேலைக்கு நடுவே தூங்கும் ஒரு மணி நேரத்தையும் விடாமல் எடுக்க வேண்டும். அதற்குத் தூக்க நாட்குறிப்பு இல்லாமல் முடியாது.

அப்புறம், வார்டில் மணிக்கட்டில் எதுவும் கட்டக் கூடாது என்ற தொற்றுத்தடுப்பு விதி உங்கள் இடத்தில் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இருந்தால் தொடையில் ஒட்டும் கருவி உதவும். அது உட்கார்ந்திருப்பதையும் நிற்பதையும் பிரித்துச் சொல்லும். மணிக்கட்டுக் கருவி அதில் தடுமாறும். இரவெல்லாம் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு அது முக்கியம் இல்லையா?

கருவியின் கடிகாரத்தையும் சரிபாருங்கள். ஒரு முறை நாங்கள் வேறு நேர மண்டலத்தில் வைத்திருந்த கணினியில் கருவிகளைத் தயார் செய்துவிட்டோம். எல்லாருடைய தூக்கமும் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போய் வந்தது. நாட்குறிப்பு இருந்ததால்தான் அந்தத் தவறு கண்ணில் பட்டது. உங்கள் ஆய்வில் பாதிப் பேர் பகலில் தூங்குபவர்கள், இப்படிப்பட்ட பிழை அங்கே சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும்.

சித்தாள் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்கிறோம். நாள் முழுக்கச் செங்கல் சுமக்கிறார்கள். கருவி "மிதமான உழைப்பு" என்றுகூடச் சொல்ல மாட்டேன் என்கிறது!

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி. கருவி முடுக்கத்தை அளக்கிறது, பாரத்தை அளப்பதில்லை. தலையில் சும்மாட்டுக்கு மேல் பத்துச் செங்கலோடு மெதுவாக ஏறும் பெண்ணின் கை, அந்தச் சுமையைப் பிடித்தபடி அசையாமல் இருக்கிறது. கருவிக்கு அது ஓய்வாகப் படும். குந்தி உட்கார்ந்து களை எடுப்பது, அடிபம்பில் தண்ணீர் அடிப்பது எல்லாவற்றிலும் இதே மாதிரிக் கோளாறு உண்டு.

மிதமான உழைப்பு எங்கே தொடங்குகிறது என்ற எல்லைக்கோடு எப்படி வந்தது என்று பாருங்கள். இடுப்புக் கருவிக்கு அதிகம் பயன்பட்ட எல்லை நிமிடத்துக்கு 1952 கவுண்ட் (அசைவைக் கருவி எண்ணும் அலகு). 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 50 பேரை டிரெட்மில்லில் மூன்று வேகங்களில் நடக்கவும் ஓடவும் வைத்து எடுத்த கணக்கு அது. அதில் சுமை இல்லை, வெயில் இல்லை, சாரத்துப் பலகை இல்லை. அந்த ஆய்வு அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து சித்தாளின் மேல் வைப்பதுதான் தவறு.

முடிந்தால் நெஞ்சில் கட்டும் நாடித்துடிப்புப் பட்டையும் சேர்த்துக் கட்டுங்கள். வெயிலும் துடிப்பைக் கூட்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பத்துப் பேரையாவது ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்து பார்த்து, என்ன வேலை, எவ்வளவு எடை, எத்தனை நடை என்று எழுதுங்கள். "இந்தப் பெண்களுக்கு உடலுழைப்பு போதவில்லை" என்று ஒரு அறிக்கை உங்கள் பெயரில் வெளிவந்துவிடக் கூடாது.

குண்டும் குழியுமான ரோட்டில் பைக்கில் போனால் அடிக்கணக்கு ஏறுகிறதே?

சில கருவிகளில் ஏறும். பயண நேரத்தை எழுதி வாங்கி, அந்த நேரத்தைத் தனியாகப் பாருங்கள்.

10,000 அடி கட்டாயமா டாக்டர்?

நான் மருத்துவர் இல்லை, தரவு ஆய்வாளர். 10,000 என்பது ஆய்விலிருந்து பிறந்த எண் அல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிமானியின் பெயர் "மான்போ-கெய்", பத்தாயிரம் அடி மானி என்று பொருள். அந்தப் பெயர்தான் உலகம் சுற்றியது.

2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 16,741 மூத்த பெண்களின் அடிகளைக் கருவி கட்டி எண்ணினார்கள், சராசரி வயது 72. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால் 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. சுமார் 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. ஒன்றை மறக்க வேண்டாம். ஏற்கெனவே நோய்வாய்ப்பட்டவர்கள் குறைவாகத்தான் நடப்பார்கள். அதைக் கழிக்க முயன்றிருக்கிறார்கள், முழுக்கக் கழிக்க யாராலும் முடியாது. ஆனாலும் வீட்டுப் பெரியவர் 2,000த்திலிருந்து 4,000 போனால் அதைக் கொண்டாடுங்கள். பத்தாயிரம் ஆகவில்லை என்று அவரைச் சோர்ந்துபோக விடாதீர்கள்.

கருவியைக் கழற்றி வைத்துவிட்டால் எப்படித் தெரியும்?

தூங்குபவரின் கைகூட மணிக்கு ஒரு தடவையாவது புரளும். மேசைமேல் இருக்கும் கருவி அசையவே அசையாது. மூன்று திசைகளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லையென்றால் கழற்றியதாக எடுத்துக்கொள்வோம்.

எந்தக் கையில் கட்டுவது?

பயோபேங்கில் பழகிய கையில் கட்டினார்கள். நேன்ஸின் 2011-14 சுற்றில் மற்றக் கையில். ஏதாவது ஒன்றை முடிவு செய்து எல்லாருக்கும் அதையே கட்டுங்கள், எந்தக் கை என்று எழுதி வையுங்கள். வளையல் போட்டிருந்தால் அவற்றுக்கு மேலே, முழங்கைப் பக்கமாகக் கட்டினால் இடிபடாது. வளையலைக் கழற்றச் சொல்லாதீர்கள். பலருக்கு அது மனசுக்குக் கஷ்டம், மறுநாளே கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அப்பாவைப் பற்றிக் கேட்டவள்தான். நாட்குறிப்பு என்றீர்களே, அவருக்கும் எழுதலாமா? என்னென்ன எழுத வேண்டும்?

தாராளமாக. காலையில் எழுந்ததும் அவரே சொல்ல நீங்கள் எழுதுங்கள். படுக்கைக்குப் போன நேரம், தூக்கம் வர எவ்வளவு நேரம் ஆனது போல் இருந்தது, எத்தனை முறை எழுந்தார், எதற்காக, கடைசியாக விழித்தது எப்போது, பகலில் எவ்வளவு நேரம் கண்ணயர்ந்தார், காபி, மாத்திரை குடித்த நேரங்கள். நிமிடக் கணக்கு வேண்டாம், தோராயம் போதும். ராத்திரி கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லாதீர்கள், அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். அவர் குறட்டை விடுகிறாரா, மூச்சு நின்று திணறி எழுகிறாரா என்று அம்மாவிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். இரண்டு வாரம் ஆனதும் அந்த நோட்டை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வாட்ச் காட்டியதையும் வேண்டுமானால் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம். மருத்துவர் முதலில் உங்கள் அப்பாவின் வரியைப் படிக்கட்டும்.